அட்டனில் ஒரு ஸ்பானியச் செய்தியறிக்கை

என்னை இலங்கைக்குக் கூப்பிட்டது ஸ்பானியக்காரியாக நடிப்பதற்காக. கல்யாணம் காட்சி எதுவும் இல்லை, ஊர் சுற்றிப் பார்ப்பதும் இல்லை. இதை அப்படியே சொன்னால் திருச்சியில் என் அலுவலகத்தில் யார் நம்புவார்கள்? விடுப்பு கேட்கும்போது ‘சொந்த வேலை’ என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நான் ஒரு தமிழ் நாளிதழில் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தைப் பார்க்கிறவள். ஆங்கிலத்தில் வருவதைத் தமிழாக்கி, இடத்துக்குத் தக்கபடி வெட்டி, தலைப்பு வைத்து இறக்குவதுதான் வேலை. பெருவில் ஆட்சி கவிழ்ந்தாலும் சிலியில் பஸ் ஓடாவிட்டாலும் ஆங்கிலக்காரன் வாய் வழியாகத்தான் எனக்குத் தெரியவரும். ஒருநாள் அந்த எரிச்சல் தாங்காமல் ஸ்பானிய மொழி படிக்க ஆரம்பித்தேன். அடிப்படைப் பாடங்களைத் தட்டுத் தடுமாறி முடித்தபின் இணையத்தில் ஓர் இடைநிலை வகுப்பில் சேர்ந்தேன். ஸ்பானியச் செய்தி ஊடகங்கள் வழியாக நடப்பு விவகாரங்களைப் படிப்பது, அதுதான் வகுப்பு. ஆசிரியை மெக்சிகோவில் இருந்தார். அவர் சாயங்காலக் காபியோடு உட்கார, நாங்கள் பல்லைத் துலக்கிவிட்டு ஓடிவந்து உட்காருவோம்.

வாரம் ஒரு செய்தி. முதலில் வானொலி அறிக்கையை நிறுத்தாமல் கேட்க வேண்டும். பிறகு அதே செய்தியை இரண்டு நாட்டுப் பத்திரிகைகளில் படித்து, எவன் எதை மறைக்கிறான் என்று பார்க்க வேண்டும். கடைசியில் நம் கூட்டாளிக்குச் சொந்த வார்த்தையில் சொல்லிக் காட்ட வேண்டும். எனக்குக் கூட்டாளியாக வாய்த்தவள் புஷ்பராணி. அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்து, அதே தோட்டத்து ஃபெக்டரியில் வேலை பார்க்கிறவள். வகுப்பில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான் என்பதால் ஆசிரியை எங்களைச் சேர்த்துவிட்டார். அந்த அம்மாள் எனக்குச் செய்த உபகாரங்களில் பெரியது அது.

புஷ்பா ஃபெக்டரியில் தேயிலையைப் பொதி கட்டிக்கொண்டு இருந்தாள். சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்லும் கைட் வராத நாளில் ஆங்கிலத்தில் சமாளித்துச் சொல்லவும் செய்வாள். வருடக் கணக்காக கெஷுவல்தான், நிரந்தரம் இல்லை. ஸ்பெயினிலிருந்து வருகிறவர்கள் கூடிக்கொண்டே போனார்கள். ஸ்பானிய மொழி தெரிந்த கைட் அங்கே யாரும் இல்லை. விருந்தினர் பகுதிக்குப் பொறுப்பாளரான நவாஸ் ஒருநாள் அவளிடம் சொல்லியிருக்கிறார்: அடுத்து ஒரு ஸ்பானியக் கூட்டம் வருகிறது, நீ கூட்டிக்கொண்டு போய்க் காட்டு, அவர்களுக்குத் திருப்தி என்றால் உன்னை நிரந்தரமாக்கச் சொல்கிறேன், இல்லாவிட்டால் தலைமை அலுவலகம் கொழும்பிலிருந்து ஒருவரை அனுப்பிவிடும்.

“நீங்க வந்து வெள்ளக்காரி மாதிரி ஃபெக்டரியச் சுத்தி வாங்க அக்கா. நான் சொல்லிப் பாக்குறேன். எங்க தப்புன்னு நீங்க சொல்லுங்க” என்றாள் புஷ்பா. நான் வெள்ளைக்காரி மாதிரியா? என் நிறத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க மாட்டாள். கிளம்பிவிட்டேன்.

அட்டனில் இறங்கியபோது தூறல். புஷ்பாவின் கணவர் சிவா ஓட்டோவோடு காத்திருந்தார். நம் ஊரில் ஆட்டோக்காரர் பேரம் முடியும்வரை வண்டியை எடுக்க மாட்டார், இவர் என் பையைப் பிடுங்கிப் பின்னால் வைத்துவிட்டு, “அக்கா, குளிருக்கு ஸ்வெட்டர் கொண்டாந்தீங்களா?” என்றுதான் முதலில் கேட்டார். கொண்டுவரவில்லை. தன் ஜெர்சியைக் கழற்றித் தந்தார். ஊர் திரும்பும்வரை அது என் உடம்பை விட்டு இறங்கவில்லை.

வீடு லயத்தில். ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள், முன்னால் கொஞ்சம் எடுத்துக் கட்டிய அறை, அதில் எனக்குக் கட்டில். சாப்பிடத் தேங்காய் ரொட்டியும் உறைப்பான சம்பலும். சம்பலில் மாசிக் கருவாட்டுத் தூள் மணத்தது. கூடவே பிளேன்டி, அதாவது பால் விடாத தேத்தண்ணீர். சீனியை உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு, ஒரு நக்கு, ஒரு மிடறு. பாலைக் காய்ச்சிக் காய்ச்சித் தேயிலையைக் கொல்கிற ஊரிலிருந்து வந்த எனக்கு, தேயிலைக்கு என்று ஒரு ருசி இருப்பதே அன்றைக்குத்தான் உறைத்தது. மூன்றாவது தடவை கேட்டபோது புஷ்பா சிரித்துவிட்டாள்.

பக்கத்து வீட்டார் ஒவ்வொருவராக எட்டிப் பார்த்தார்கள். “இந்தியாவுலேருந்து வந்திருக்காங்களாம்” என்றார் ஒருவர். “அப்பறம் ஏன் ரெண்டு பேரும் தமிழ்ல பேசிக்க மாட்டேங்கிறாங்க?” என்றார் இன்னொருவர். நியாயமான கேள்வி. எங்களுக்குள் அந்த வாரம் முழுக்க ஸ்பானிய மொழிதான் என்று ஒப்பந்தம். அது முதல் சாப்பாட்டிலேயே ஆட்டம் கண்டது. இடைநிலை என்பது விசித்திரமான இடம். நாடாளுமன்றம் ஏன் கலைக்கப்பட்டது என்று விளக்க வரும். சம்பலை இந்தப் பக்கம் தள்ளு என்று கேட்க வராது.

மறுநாள் ஒத்திகை. நவாஸிடம் அனுமதி வாங்கி ஃபெக்டரிக்குள் போனோம். நெட்டையான தகரக் கட்டடம், உள்ளே புல்லும் புகையும் கலந்த பச்சை வாசனை. நான் கழுத்தில் ஒரு சால்வையைச் சுற்றிக்கொண்டு, கைப்பேசியால் எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டு, ஸ்பானியக்காரியாக நடந்தேன். மேல்மாடியில் நீளத் தட்டுகளில் கொழுந்து வாடிக்கொண்டிருந்தது. புஷ்பா கைகளைக் கட்டிக்கொண்டு, நிமிர்ந்து நின்று, ஆரம்பித்தாள். அவள் சொன்னதைத் தமிழில் தருகிறேன்:

“வணக்கம். இன்று காலை கொய்யப்பட்ட கொழுந்துகள் மேல்மாடிக்கு இடமாற்றம் செய்யப்பட்டுள்ளன. இரவு முழுவதும் அவை அங்கேயே தடுத்து வைக்கப்படும் என ஃபெக்டரி வட்டாரங்கள் தெரிவித்துள்ளன. அதன்பின் அவை நசுக்கப்படும். நிலைமை கட்டுப்பாட்டில் உள்ளது.”

நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. ஆனால் உண்மையில் எனக்கு அப்போது தப்பு எங்கே என்று சொல்லத் தெரியவில்லை. வார்த்தைகள் எல்லாம் சரி, உச்சரிப்பு சுத்தம். நானே விளக்கியிருந்தாலும் அப்படித்தான் வந்திருக்கும். இரண்டு பேரும் ஒரே வானொலியைக் கேட்டு வளர்ந்தவர்கள்தானே. “கொஞ்சம் சாதாரணமா சொல்லு புஷ்பா” என்றேன். “சாதாரணமான்னா எப்படிக்கா? சொல்லிக் காட்டுங்க” என்றாள். வாயைத் திறந்தேன். “நம்பத் தகுந்த தகவல்களின்படி” என்று வந்தது. மூடிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் அவளுக்கு ஒரு யோசனை. மலை ரயிலில் ஸ்பெயின்காரர்கள் நிறைய வருவார்களாம். நானுஓயாவரை போய்த் திரும்பினால் நிஜ ஆட்களிடம் பேசிப் பார்த்துவிடலாம். அடுத்த நாள் காலை ரயில் ஏறினோம். உட்கார இடம் இல்லை. வாசலில் கால்களைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளிநாட்டுப் பிள்ளைகள், அவர்களைத் தாண்டிக் கூடையோடு வடைக்காரர், இருவருக்கும் நடுவில் நாங்கள். நம் ஊரில் ரயில் வாசலில் உட்கார்ந்தால் திட்டு விழும். இங்கே அதற்காகவே கடல் தாண்டி வருகிறார்கள். வடை மொறுமொறுவென்று இருந்தது. அதைச் சுற்றித் தந்த தாள் யாரோ ஒரு பள்ளிப் பிள்ளையின் கணக்குப் பாடம்.

ஒரு ஜோடி ஸ்பானிய மொழியில் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் புஷ்பாவை இடித்தேன். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, “வணக்கம். இந்தத் தொடருந்து நானுஓயாவை நோக்கித் தொடர்ந்து முன்னேறி வருகிறது. பிரதேசத்தில் மூடுபனி நிலவக்கூடும்” என்றாள்.

அந்த இளைஞன் முதலில் யாருடைய கைப்பேசி பேசுகிறது என்று சுற்றிப் பார்த்தான். பிறகு விழுந்து விழுந்து சிரித்தான். கெட்டவன் இல்லை. “எங்க அப்பா சாப்பிடும்போது வைப்பாரே, அந்த ரேடியோ மாதிரியே பேசுகிறீர்கள்” என்று பாராட்டாகத்தான் சொன்னான். கூட இருந்த பெண் அவனைத் தட்டி அடக்கிவிட்டு எங்களோடு படம் எடுத்துக்கொண்டாள். புஷ்பாவின் முகம் வாடிவிட்டது. நான் ஏதோ ஆறுதல் சொல்லப் போய், அவள் எதிர்த்துப் பேசி, அது நீண்டு, எங்களுக்குள் சண்டையாகிவிட்டது. அதுவும் பாதி ஸ்பானியத்தில். சண்டை மும்முரத்தில் நானுஓயா வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை.

இறங்கியது பட்டிப்பொலவில். அந்த உயரத்தில் காற்று பல்லைக் கிட்ட வைத்தது. திரும்பும் ரயிலுக்கு நிறைய நேரம் கிடந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் எங்களைப் பார்த்துச் சிங்களத்தில் ஏதோ சொன்னார். புஷ்பா பதில் சொன்னாள், அவர் சிரித்துக்கொண்டே உள்ளே போய் இரண்டு நாற்காலிகளைத் தூக்கி வந்து வெயில் படும் இடத்தில் போட்டார். “என்ன சொன்னார்?” என்றேன். “உங்க ஸ்டேஷன விட்டுட்டு இங்க ஏன் வந்தீங்கன்னு கேட்டாங்க. சண்ட போட்டுக்கிட்டே வந்துட்டோம்னு சொன்னேன்” என்றாள். பெயர் தெரியாத அந்த மனிதருக்கு இன்றைக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன். வெயில் நகர நகர நாங்களும் நாற்காலியை நகர்த்திக்கொண்டே இருந்தோம்.

“செய்தியில படிச்சா செய்தி மாதிரித்தான அக்கா பேச வரும்” என்றாள் புஷ்பா, திடீரென்று தமிழில். “எனக்கு வேற யாரு ஸ்பானிஷ் பேசிக் காட்டுனா? வீட்டுல பேசுறாங்களா, ரோட்டுல பேசுறாங்களா? காலையில ரேடியோக்காரர் ஒருத்தருதான் எங்கூட பேசுறாரு. அவருதான் எனக்கு வாத்தியாரு.” நாற்காலியை வெயிலுக்குள் இன்னும் இழுத்துப் போட்டாள். “நாளைக்கழிச்சு அவங்க வாறாங்க. இப்படிச் சிரிச்சாங்கன்னா, நவாஸ் சேர் என்னா நெனைப்பாரு? கொழும்புலேருந்து ஆளு வந்துட்டா அப்பறம் எனக்குப் பொதி கட்டுறதுதான், காலத்துக்கும்.”

அவளைப் போலவே எனக்கும் வாத்தியார் வானொலிதான். ஆனால் என் சோறு அதில் இல்லை. நான் ஊருக்குத் திரும்பினால் ஆங்கிலச் செய்தியை வெட்டிக்கொண்டு நிம்மதியாக இருப்பேன். அந்த வித்தியாசம் அந்தக் குளிரில் எனக்கு நன்றாகவே உறைத்தது. சண்டைக்கு மன்னிப்புக் கேட்டேன். அவள் மிச்ச வடையைப் பாதியாகப் பிய்த்துத் தந்தாள்.

அடுத்த நாள் முழுக்க மழை. நுவரெலியாப் பக்கம் போகலாம் என்று வைத்திருந்த திட்டத்தைக் கைவிட்டோம். லயத்தில் யாரும் மழையை ரசிக்கவில்லை என்பதைக் கவனித்தேன். திருச்சியில் இப்படிப் பெய்தால் பஜ்ஜி போடுவோம். இங்கே சிவா அடிக்கடி வெளியே போய், வீட்டுக்குப் பின்னால் இருந்த மண்மேட்டைப் பார்த்துவிட்டு வந்தார். புஷ்பா முக்கியமான சாமான்களை ஒரு பையில் போட்டுக் கதவுப் பக்கம் வைத்தாள். பழகிய கை செய்கிற வேலையாக அது நடந்தது.

கூட்டம் வரும் நாள் காலையில் மழை தூறலாகக் குறைந்திருந்தது. புஷ்பா மஞ்சள் சேலை கட்டியிருந்தாள். ஃபெக்டரி வாசலில் நவாஸ் கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தார். நரைத்த தாடி, மடிப்புக் கலையாத சட்டை, கொஞ்சம் பதற்றக்காரர். பேசி முடித்தவர் எங்களைப் பார்த்துக் கையை விரித்தார்.

“வேன் வராது புள்ள. கீழ வளைவுல மண்ணு சரிஞ்சிருக்கு. ஆளுக்கு ஒண்ணுமில்ல. ஆனா பின்னால மரமும் விழுந்திருக்காம், அதால திரும்பிப் போகவும் ஏலாது. அவங்க பயந்து போயிருக்காங்க. ட்ரைவருக்குச் சிங்களமும் கொஞ்சம் இங்கிலீஷும்தான். இவங்களுக்கு இங்கிலீஷ் வராது. இண்டைக்கு இது சரிவராது, விடுங்க.”

புஷ்பா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, “நான் குறுக்கால எறங்கிப் போய்ப் பாக்குறேன் சேர்” என்றாள். அவர் வேண்டாம் என்று சொல்லி முடிக்கும் முன் அவள் தேயிலைக்குள் இறங்கிவிட்டாள். பின்னால் நான். அவளுக்கு அது பிறந்ததிலிருந்து நடக்கிற பாதை, எனக்கு வழுக்குமரம். இரண்டு இடத்தில் உட்கார்ந்தபடியே சறுக்கினேன். கீழே போய்ச் சேர்ந்தபோது என் காலில் அட்டைகள் விருந்து உண்டுகொண்டிருந்தன. அவற்றைப் பிய்க்கவும் நேரமில்லை.

ரோட்டின் பாதியை மூடிச் செம்மண் கிடந்தது. பெரிய சரிவு இல்லை. ஆனால் மலைநாட்டுக்காரர்களே ஒதுங்கி நிற்கும் காட்சி, வந்தவர்களைக் கேட்க வேண்டுமா? வேனுக்கு வெளியே குடைகளோடு நின்ற ஸ்பானியர்களில் ஒருவர் ஓட்டுநரிடம் கத்திக்கொண்டிருந்தார், ஒருவர் அழுதுகொண்டிருந்தார். ஓட்டுநர் “நோ ப்ராப்ளம், நோ ப்ராப்ளம்” என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அதைக் கேட்கக் கேட்க அவர்களுக்குப் பயம் கூடியது.

புஷ்பா முதலில் ஓட்டுநரிடமும், மண்ணருகே நின்ற தோட்டத்து ஆட்களிடமும் என்ன ஏது என்று விசாரித்தாள். அதன்பின் அந்தக் கூட்டத்தின் முன் வந்து கைகளைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். இப்போது சிரித்துவிடுவார்களே என்று கண்ணை மூடிக்கொள்ளாத குறை.

“வணக்கம்” என்றாள். “நேற்றுப் பெய்த மழையைத் தொடர்ந்து இந்த வீதியில் சிறிய அளவிலான மண்சரிவு ஏற்பட்டுள்ளது. உயிர்ச்சேதம் இல்லை. காயமடைந்தவர்கள் இல்லை. பின்புறம் விழுந்த மரத்தை அகற்றும் பணி தொடங்கியுள்ளது. மண்ணை அகற்றும் இயந்திரம் நகரிலிருந்து புறப்பட்டுவிட்டது. வீதி எப்போது திறக்கும் என்பது இதுவரை உறுதி செய்யப்படவில்லை. உறுதியானதும் உங்களுக்கு அறிவிக்கப்படும். அதுவரை பாதுகாப்பான இடம் ஒன்று அருகில் உள்ளது.”

யாரும் சிரிக்கவில்லை. கத்திக்கொண்டிருந்தவர் வாயை மூடினார். அழுத பெண் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “மறுபடியும் சரியுமா?” என்று கேட்டார். “அது பற்றித் தகவல் இல்லை. ஆகவே இந்த இடத்திலிருந்து வெளியேறுவது நல்லது” என்றாள் புஷ்பா, அதே குரலில். எல்லோரும் பைகளை எடுத்தார்கள்.

அந்த ஒவ்வொரு வாக்கியமும் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். ஆண்டிஸ் மலை ஊர் ஒன்றில் மண் சரிந்த செய்தியை வகுப்பில் ஒரு வாரம் படித்தோம். நான் அதை ஒரு தடவை சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். புஷ்பா மட்டும் விடாமல் நாள் கணக்கில் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். “இது எங்க ஊரு நியூஸ்க்கா” என்று அப்போது சொன்னாள். கேட்டுவிட்டு நான் மறந்துபோனேன்.

அவர்களைச் சரிவிலிருந்து விலக்கி, மேட்டுப் பாதை வழியாகப் பிள்ளை மடுவத்துக்குக் கூட்டிப் போனாள். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. மழை நாளானதால் இரண்டு மூன்று குழந்தைகளே இருந்தன. ஆறடி ஸ்பானியர்கள் முழங்கால் உயர நாற்காலிகளில் மடங்கி உட்கார்ந்தார்கள். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மா எல்லோருக்கும் பிளேன்டி ஊற்றிக் கொடுத்தார். சீனியை உள்ளங்கையில் வாங்க வேண்டும் என்று புஷ்பா காட்டினாள். கத்திய மனிதர் இரண்டாவது கோப்பை கேட்டார். எனக்கு உப்பு வைத்து அட்டைகளை எடுத்துவிட்டதும் அந்த அம்மாதான். அவர் என் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டபோது கூச்சமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது.

அங்கே வைத்துத்தான் சுற்றுலா நடந்தது என்று சொல்ல வேண்டும். அழுத பெண்ணின் பெயர் பிலார், வலென்சியாவில் மருத்துவத் தாதி. அவர் கோப்பையைக் காட்டி, இது எப்படி இப்படி ஆகிறது என்று கேட்டார். புஷ்பா பதில் சொன்னாள். கொழுந்து பற்றி, காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டு பற்றி, இதே மடுவத்தில் தன்னைப் போட்டுவிட்டுத் தன் அம்மா மலை ஏறியது பற்றி. செய்திக்குரல் இருந்தது, நடுநடுவே இடறியது, வார்த்தை கிடைக்காமல் கையால் காட்டினாள். கோப்பைகள் ஆறிப் போகும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் மழை முழுக்க ஓய்ந்தபின் எல்லோரும் நடந்தே ஃபெக்டரிக்குப் போனோம். போய்ச் சேர்ந்தபோது அன்றைய வேலை முடிந்து இயந்திரங்கள் நின்றுவிட்டிருந்தன. பளபளவென்று துடைத்து வைத்திருந்த வரவேற்பறைத் தரை முழுக்கச் சேற்றுத் தடம். நவாஸ் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

“எல்லாரும் நல்லாயிருக்காங்க, அல்ஹம்துலில்லாஹ். ஆனா இவங்க ஃபெக்டரியவே பாக்கலயே புள்ள? கொழும்புக்கு நான் என்னண்டு ரிப்போட் எழுதுறது?”

அப்போது பிலார் முன்னால் வந்து அவரிடம் பேச ஆரம்பித்தார். கையை ஆட்டி, புஷ்பாவைச் சுட்டிக் காட்டி, ஒரு இடத்தில் தன் நெஞ்சைத் தொட்டுக்கொண்டு, மூச்சு விடாமல் பேசினார். மற்றவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். நவாஸுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. புஷ்பாவைப் பார்த்தார். “என்ன சொல்றாங்க?”

புஷ்பா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “தேத்தண்ணி நல்லா இருந்துச்சாம் சேர். தரையெல்லாம் சேறாக்கிட்டோம், மன்னிச்சுக்கங்கன்னு சொல்றாங்க.”

“இவ்வளவு நேரம் பேசினது அதுதானா?”

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. தேத்தண்ணீரைப் பற்றியும் சேற்றைப் பற்றியும் பிலார் சொன்னது கடைசி இரண்டு வாக்கியம். மற்றதையெல்லாம் விழுங்கிவிட்டாளே, இதற்காகவா இத்தனை நாள் விடியலில் எழுந்தாள்? பிறகு அவள் காது மடல் சிவந்திருப்பதைப் பார்த்தேன். பெரிய ஆட்கள் முன்னால் நின்று, தன் வாயாலேயே தன்னைப் புகழ்ந்து சொல்ல அவளால் முடியாது. அந்த லயத்தில் யாராலும் முடியாது. அந்த அறையில் ஸ்பானிய மொழி தெரிந்த இன்னொரு தமிழ் ஆள் நான் மட்டும்தான்.

“இன்னும் இருக்குங்க” என்றேன். அலுவலகத்தில் இடம் போதாது என்று எதையாவது வெட்டியே பழகியவள் நான். அன்றைக்கு ஒரு சொல்லையும் வெட்டவில்லை.

“அந்த அம்மா சொல்றாங்க: ‘நாங்க செத்துப் போயிடுவோம்னு நெனச்சோம். எல்லாரும் பயப்படாதீங்கன்னு மட்டும்தான் சொன்னாங்க. இந்தப் பொண்ணு அப்படிச் சொல்லல. என்ன நடந்துச்சு, எது தெரியும், எது தெரியாது, அதச் சொன்னா. அதுக்கப்புறம்தான் எங்களுக்கு மூச்சு வந்துச்சு. இந்த ஊர்ல எங்களுக்கு நல்லா வெளங்குன மொதல் ஆளு இவங்கதான். நாளைக்கு ரோடு தெறந்ததும் திரும்பி வருவோம், ஃபெக்டரியப் பாக்கணும். ஆனா இவங்கதான் காட்டணும். வேற யாரும் வேணாம்.’ அப்பறம்தான் தேத்தண்ணி நல்லா இருந்துச்சுன்னு சொன்னாங்க. சேத்துக்கு மன்னிப்பும் கேட்டாங்க.”

நவாஸ் தாடியைத் தடவினார். பிலாரைப் பார்த்தார், புஷ்பாவைப் பார்த்தார். கைப்பேசியை எடுத்தார். நாங்கள் எல்லோரும் நிற்கும்போதே பேசினார்.

“ஓம், நவாஸ்தான். எல்லாரும் சுகமா வந்து சேந்துட்டாங்க. இல்ல, அதுக்கில்ல எடுத்தது. அந்த ஸ்பானிஷ் கைட் விஷயம். கொழும்புலேந்து யாரையும் அனுப்ப வாணாம். எங்கட புள்ள இருக்கு. ஓம், நிரந்தரமாத்தான். பேரு எழுதிக்கோங்க. புஷ்பராணி.”

பிலார் என்னிடம், என்ன நடக்கிறது என்று ஜாடையில் கேட்டார். சொன்னேன். அவர் புஷ்பாவைக் கட்டிக்கொண்டார். பிறகு அந்தக் கூட்டமே வரிசையில் நின்று கட்டிக்கொண்டது, சேறும் தண்ணீருமாக.

எத்தனையோ வருடமாகச் செய்தி மொழிபெயர்க்கிறேன். யாருக்கு என்ன ஆனது என்று ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஒரு செய்தி யாரைப் பற்றியதோ, அவர் பக்கத்தில் நிற்க, அவருக்கு ஆக வேண்டியது அதனால் ஆகிவிட்டதை என் கண்ணால் பார்த்தது அந்த ஒரு நாள்தான். அதை எனக்குக் கொடுத்தவளுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று திரும்பினேன். அவள் என் பக்கத்தில் வந்து நின்றிருந்தாள்.

“ஏங்க்கா எல்லாத்தையும் சொன்னீங்க?” என்று என் கையைக் கிள்ளினாள். கிள்ளிய கையை அப்புறம் விடவே இல்லை.